பன்னிரண்டாவது டவர்

என் மச்சினன் பாண்டீஸ்வரனுக்குப் பேசிய பெண்ணுக்குப் பூ வைக்கும் சடங்கை, மலைச்சரிவில் துருப்பிடித்து நிற்கும் ஒரு ரோப்வே டவருக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் என் மாமியார் மாயக்காள் சொல்லிவிடுவார். யாரிடம் இந்தக் கதையைச் சொன்னாலும் அவர், "எங்க மாப்பிள்ளை சுருளிராஜன் ஒரு கணக்குப் போட்டாக" என்றுதான் தொடங்குவார். அந்த "போட்டாக"வில் இருக்கும் மரியாதையைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

பெண்ணின் பெயர் நாகஜோதி. மலைக்கு மேலே ஒத்தமரமேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எடை எழுதுகிற வேலை. பாண்டீஸ்வரன் கீழே பண்ணைப்புரத்துக்காரன். ஸ்டோர்களில் சூடான காற்றை ஊதும் பெரிய மின்விசிறிகளைப் பழுதுபார்ப்பவன். ஒத்தமரமேட்டு மின்விசிறி மட்டும் மாதம் மூன்று தடவை பழுதானது. அந்த மாடலுக்கு ஆண்டுக்கு ஒரு தடவை பழுதாவதே அதிகம். எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. ஆனால் நான் பேரிங்கைச் சந்தேகப்பட்டேன்.

விஷயம் வெளியே வந்ததும் இரண்டு வீட்டிலும் ஒரு வாரம் சத்தம், பிறகு சம்மதம். ஜாதகமும் பொருந்திவிட்டது. யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்பதில்தான் வண்டி நின்றது.

"பையன் வீட்டுக்காரகதான் பொண்ணு கேட்டு வரணும். அதுதான் வழக்கம்" என்றார் பெண்ணின் அப்பா கோட்டைச்சாமி.

"புடிச்சிருக்குன்னு மொதல்ல சொன்னது யாரு? அந்தப் புள்ள. அப்ப அவகதான் எறங்கி வரணும்" என்றார் என் மாமியார்.

பொதுவாக ஒரு கோயிலில் வைத்துக்கொள்வோம் என்றார்கள். பெண் வீட்டார் சொன்னது அவர்கள் குலதெய்வக் கோயில், மாயக்காள் சொன்னது இவர்கள் குலதெய்வக் கோயில். ஆடி பிறக்க எட்டு நாள்தான் இருந்தது. ஆடியில் எதுவும் செய்ய மாட்டார்கள். அதற்குள் சின்னமனூரிலிருந்து ஒரு வரன் வேறு வந்து, "அந்த மலைச் சம்பந்தம் முடிஞ்சா சொல்லுங்க, முடியாட்டியும் சொல்லுங்க" என்று காத்திருந்தது. என் மாமியாருக்கு அந்த வரன்மேல் ஒரு கண். ஆனியின் கடைசி நல்ல நாள் புதன்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு வரை. பன்னிரண்டு அடித்தால் ராகு காலம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் நாகஜோதி தலையில் எங்கள் வீட்டுப் பூ ஏறாவிட்டால் இந்தச் சம்பந்தம் இல்லை என்று மாயக்காள் தீர்த்துச் சொல்லிவிட்டார். பாண்டீஸ்வரன் சாப்பாட்டைக் குறைத்துவிட்டான். பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால்தான் வாயைத் திறந்தேன்.

நான் மலையடிவாரத்தில் இருக்கும் சின்ன அணையில் மதகு ஃபிட்டர். தண்ணீரைத் திறந்து மூடும் இரும்புக் கதவுகளும் அவற்றைத் தூக்கும் பற்சக்கரங்களும் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் மலையில் நடப்பேன். அணைக்கரையில் தொடங்கி ஒத்தமரமேடு வரைக்கும் ஒரு பழைய ரோப்வேயின் டவர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் எஸ்டேட் தேயிலைப் பெட்டிகள் அதில்தான் இறங்கின. ஜீப் ரோடு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அந்த ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது, ஐந்து மணி நேரம். நடந்தால் மூன்றரை.

"ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சந்திச்சிருவோம்" என்றேன். "அணை ஆபீஸ்ல பழைய வரைபடம் ஒண்ணு இருக்கு. மொத்தம் இருபத்து மூணு டவர். ஒற்றைப்படை எண்ணுக்குத்தான் சரியான நடு உண்டு. மேலேருந்து எண்ணினாலும் பன்னிரண்டாவது, கீழேருந்து எண்ணினாலும் பன்னிரண்டாவது. அந்தப் பக்கம் பதினொண்ணு, இந்தப் பக்கம் பதினொண்ணு. யாரும் யாருக்கும் தாழ்ந்து போகல. தப்பே வராது."

"ஏறுறதும் எறங்குறதும் ஒண்ணா மாப்பிள்ளை?" என்றார் மாயக்காள்.

"ஏறும்போது மூச்சு வாங்கும் அத்தை. எறங்கும்போது முழங்கால் வாங்கும். கூட்டிக் கழிச்சா சமம்."

இந்த விளக்கம் இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போனது. என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரு விளக்கத்தை முழுசாகக் கேட்டு எல்லோரும் தலையாட்டியது அன்றைக்குத்தான்.

புதன்கிழமை காலை ஏழரைக்கு அணைக்கரையிலிருந்து கிளம்பினோம். நான், என் மனைவி ஹேமாவதி, மாமியார், மாமனார் சின்னச்சாமி, பாண்டீஸ்வரன். தட்டுகளில் பட்டுச் சேலை, வெற்றிலை பாக்கு, பழம், கம்பம் திராட்சை. ஹேமாவதி கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைப் பூ. மாப்பிள்ளையின் அக்காதான் பூ வைக்க வேண்டும் என்பதால் அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் தோரணை.

மேலே போக இரண்டு வழி உண்டு. ஒன்று கோவேறு கழுதைகளுக்காக வெட்டிய பாதை. பாரத்தோடு ஏறும் விலங்குக்குச் செங்குத்து ஆகாது என்று வளைந்து வளைந்து மெதுவாக ஏறும். இன்னொன்று ரோப்வேக்கு நேர் கீழே போகும் கல்படிகள். டவர் உச்சியில் இருக்கும் சக்கரங்களுக்கு கிரீஸ் போட வந்தவர்களுக்காகக் கட்டியது, நட்டுக்குத்தாக ஏறும். டவர்களை எண்ண வேண்டுமே என்று படி வழியாகவே கூட்டிப்போனேன்.

"ஒண்ணு" என்றேன், கரையோரமாக நின்ற டவரைத் தொட்டு.

மூன்றாவது டவரில் எல்லோரும் மூச்சு வாங்க நின்றார்கள். சும்மா நிற்கிறார்களே என்று சொல்ல ஆரம்பித்தேன். "இந்த ரோப்வேக்கு இன்ஜினே கிடையாது, தெரியுமா? வளையமா ஒரே இரும்புக் கயிறு. ஒரு பக்கம் தேயிலைத் தொட்டி எறங்கும். அந்தக் கனமே மறுபக்கம் வெறுந்தொட்டிய மேல இழுத்துரும். ஓட்டுறதுக்கு ஆள் வேணாம், பிரேக் புடிக்கத்தான் ஆள் வேணும்."

"இவருக்கும் பிரேக் புடிக்க ஒரு ஆள் வேணும்" என்றாள் ஹேமாவதி.

"நீதான இருக்க ஆத்தா" என்றார் மாமனார்.

"எனக்குக் கை ஓஞ்சு போச்சுப்பா."

எட்டாவது டவரைத் தாண்டியதும் மேகம் இறங்கிவிட்டது. சாரல் மாதத்தில் கேரளப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும், ஏறக் குளிரும், குளிர்ந்தால் மேகம். ஆக, நாங்கள் மேகத்துக்குள் நடந்தோம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பதினொன்றாவது டவர் பக்கத்தில் போகும்போது ஹேமாவதி நின்றாள்.

"யாரோ இருமுற மாதிரி இருக்கு."

"கருமந்தி" என்றேன். "தொண்டையில ஒரு பை மாதிரி இருக்கும் அதுக்கு. அதுல காத்து அடைச்சு வெளிய விடும்போது கனமான சத்தம் வரும். கூட்டத்துக்கு எச்சரிக்கை."

இருமல் மறுபடி கேட்டது. பக்கவாட்டில், நாற்பதடி தூரத்தில் இருக்கலாம். கூடவே பாத்திர மூடி உரசுகிற மாதிரியும் ஒரு சத்தம். அதற்கும் ஏதோ ஒரு விளக்கம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஹேமாவதிக்கு ஞாபகம் இருக்கிறது. நான் எழுதப்போவதில்லை.

பத்தரைக்குப் பன்னிரண்டாவது டவரை அடைந்தோம். யாரும் இல்லை.

"மலைக்காரக. நம்மளக் காக்க வைக்கணும்னே மெதுவா வருவாக" என்று மாயக்காள் ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

பத்தே முக்கால். யாரும் வரவில்லை. பாண்டீஸ்வரன் போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டவரைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு கோடு சிக்னல் கிடைத்ததும் கோட்டைச்சாமிக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"எங்கன இருக்கீக மாமா?"

"பன்னெண்டாவது டவர்ல. கால் மணி நேரமாச்சு. நீங்க எங்கன?"

"நாங்களும் பன்னெண்டாவது டவர்லதான் இருக்கோம்."

பாண்டீஸ்வரன் டவரின் நான்கு கால்களுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தான்.

"வெளயாடுறீகளா?" என்றார் கோட்டைச்சாமி. "எங்க டவர்ல நம்பர்த் தகடே இருக்கு. வார்ப்பிரும்புல பன்னெண்டுன்னு போட்டிருக்கு."

எங்கள் டவரின் காலில் மார்பு உயரத்தில் பாசி பிடித்த ஒரு தகடு இருந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்கிறேன். சக்கரத்தைப் பார்த்திருக்கிறேன், ரிவெட்டை எண்ணியிருக்கிறேன், அந்தத் தகட்டைச் சுரண்டிப் பார்த்ததில்லை. சாவியால் சுரண்டினேன். பாசிக்கு அடியிலிருந்து முதலில் ஒன்று வந்தது. அடுத்து சுழி வந்தது.

பத்து.

எஸ்டேட்டுக்காரர்கள் நம்பரை மேலிருந்து போட்டிருக்கிறார்கள். அதில் தப்பில்லை. நடு டவருக்கு எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் பன்னிரண்டுதான். ஆனால் நாங்கள் கீழேயிருந்து பன்னிரண்டு எண்ணி, மேலிருந்து பத்தாவதாக இருக்கும் டவரில் நிற்கிறோம். பன்னிரண்டும் பத்தும் இருபத்திரண்டு. இந்த டவரை இரண்டு தடவை எண்ணியிருக்கிறோம், ஒன்று கழி. இருபத்தொன்று. மீதி இரண்டு டவர் எங்கே?

எங்கே என்று கேட்டதுமே தெரிந்துவிட்டது. ரோப்வே முதலில் வந்தது, அணை பிறகு வந்தது. கீழ் நிலையமும் கடைசி இரண்டு டவர்களும் தண்ணீருக்குள் போய்விட்டன. கோடையில் நீர் இறங்கும்போது அணைக்கு நடுவில் ஒரு இரும்பு முனை தெரியும். அதில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்காரும். பதினான்கு வருஷமாக அந்த நீர்க்காகத்தைப் பார்க்கிறேன். எந்த இயந்திரமும் எப்படி ஓடியது என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் பறவை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் ஒரு நாளும் யோசித்ததில்லை.

எல்லோரிடமும் விளக்கினேன். சுருக்கமாகத்தான்.

மாயக்காள் எழுந்து நின்றார். "அப்ப நாம பாதிக்கு மேல ஏறி வந்துட்டோமா?"

"ரெண்டு டவர் கூட."

"அப்ப அந்த இருமல்?" என்றாள் ஹேமாவதி.

"கோட்டைச்சாமி மாமாவாத்தான் இருக்கும். நாம படியில ஏறியிருக்கோம், அவக வளைவுப் பாதையில எறங்கியிருக்காக. மேகத்துக்குள்ள ஒருத்தர ஒருத்தர் தாண்டிட்டோம்."

"ஏலே பாண்டி, போனக் கொண்டா" என்றார் மாயக்காள். வாங்கி, வாய்க்கு நேரே கண்ணாடி போலப் பிடித்துக்கொண்டார். "இங்க பாருங்க, நாங்க பாதிக்கு மேலயே வந்துட்டோம். எங்க பங்குக்குக் கூடவே நடந்துட்டோம். இனிமே நீங்கதான் எங்ககிட்ட வரணும்."

"நாங்க சொன்ன டவர்ல, சொன்ன நேரத்துக்கு நிக்கிறோம்" என்றது போன். "கணக்குத் தெரியாம மேல ஏறினது யாரு தப்பு? எறங்கி வாங்க."

"எங்க மாப்பிள்ளைக்கா கணக்குத் தெரியாது?" என்று மாமியார் சீறினார். அரை நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. "அவருக்குக் கணக்குத் தெரியாதுன்னு நாங்க சொல்லலாம். நீங்க யாரு சொல்றதுக்கு?"

பதினொன்று ஐந்து. நடுவில் பதினொன்றாவது டவர் இருக்கிறதே, ஆளுக்கு ஒரு டவர் நகர்ந்தால் சமம்தானே என்றேன். அதுவும் பாதிக்கு மேலேதான் இருக்கிறது, தானே ஏறி வந்ததாக ஆகிவிடும் என்றார் மாயக்காள். குறித்த இடத்தை விட்டு நகர்ந்தாலே தோற்றதாக ஆகிவிடும் என்றார் கோட்டைச்சாமி. பாண்டீஸ்வரன் ஒரு படி கீழே காலை வைத்தான். "இன்னொரு படி எறங்கின, நான் இங்கனயே உக்காந்துக்கிருவேன், என்னையக் கட்டித் தூக்கிட்டுத்தான் போகணும்" என்றார் அவன் அம்மா. அவன் காலை எடுத்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்தால், செப்புக் கம்பிச் சுருள் எரிந்துபோன மோட்டாரைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

பதினொன்றே கால். போனில் கோட்டைச்சாமியின் குரல் உடைந்து உடைந்து வந்தது. "சரி. ஒங்களுக்கு இஷ்டமில்லன்னு தெரிஞ்சுபோச்சு. நாங்க வீட்டுக்குக் கெளம்புறோம்."

"நாங்க மட்டும் இங்கன குடியிருக்கவா வந்தோம்? நாங்களும் வீட்டுக்குத்தான் கெளம்புறோம்" என்றார் மாயக்காள். "சின்னமனூர்க்காரகளுக்குப் போன் போட்டுச் சொல்றேன்."

லைன் போய்விட்டது. மாமனார் தட்டின் மேலிருந்த துணியை இழுத்து மூடினார். பாண்டீஸ்வரன் டவரில் சாய்ந்து, எதையும் பார்க்காமல் நின்றான்.

அப்போது என் போன் அடித்தது. நாகஜோதி. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணே, எங்கப்பா வீட்டுக்குக் கெளம்பிட்டாக."

"ஐயோ. கொஞ்சம் புடிச்சு வைமா. நான் அத்தைகிட்ட இன்னொரு தடவை விளக்கிப் பாக்குறேன்…"

"நீங்க விளக்க வேணாம். நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. எங்க வீடு எங்கன இருக்கு?"

"மேல."

"நீங்க எங்கன நிக்கிறீக?"

"மேல…"

"ஒங்க வீடு?"

"கீழ."

"நாங்க எங்கன நிக்கிறோம்?"

"கீழ…" என்றேன். இருபத்து மூன்று டவரையும் கணக்குப் போட்ட எனக்கு இது தோன்றவில்லை. நாங்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் தாண்டிவிட்டோம். அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். நாங்கள் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் யாரிடமும் போகத் தேவையில்லை. கோபித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினால் போதும்.

"புரிஞ்சுதா அண்ணே?"

"ஆனா ரெண்டு பாதை இருக்கே. மறுபடியும் தாண்டிட்டோம்னா?"

"எங்ககிட்ட பாயாசத் தூக்கு இருக்கு. படியில தூக்க முடியாது. வளைவுப் பாதையிலதான் ஏறுவோம். ஒங்க ஆளுகள அதுல எறக்கிவிடுங்க. வேற ஒண்ணும் பேசாதீக. ஒரு வார்த்தை பேசாதீக." வைத்துவிட்டாள்.

மாயக்காள் படியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"அத்தை" என்றேன். "எறங்குறதுக்கு வளைவுப் பாதையில போவோம். படியில எறங்கும்போது உடம்போட மொத்தக் கனமும் ஒரு முழங்காலுக்கு வரும். ஏறும்போது தெரியாது, எறங்கும்போதுதான் தேயும்."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதையாவது சரியாச் சொல்றீகளான்னு பாப்போம்" என்று பாதை மாறினார்.

அதற்குப் பிறகு கால் மணி நேரம் நான் எதுவும் பேசவில்லை. வழியில் ஒரு தொட்டி கவிழ்ந்து கிடந்தது; அதன் கொக்கி கயிற்றைக் கவ்வும் விதம் அற்புதமானது; பேசவில்லை. ஹேமாவதி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சலா? ஏன் இப்படி இருக்கீக?" தலையை மட்டும் ஆட்டினேன். பாண்டீஸ்வரன் எல்லோருக்கும் பின்னால், பழத்தட்டை விளிம்பில் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்தான். அவனிடம் மட்டுமாவது சொல்லிவிடலாமா என்று நாலு தடவை திரும்பினேன். சொன்னால் அவன் ஓடுவான். ஓடினால் அவன் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். வாயைக் கட்டுவது மதகை மூடுவது மாதிரிதான். அடியில் கொஞ்சம் கசியும். நான் வெற்றிலை போட்டுக்கொண்டேன்.

ஒரு வளைவில் இருமல் கேட்டது.

ஹேமாவதி என்னைப் பார்த்தாள். நான் மேகத்தைப் பார்த்தேன்.

அடுத்த நிமிடம் வளைவைத் திரும்பி, மூச்சிரைக்க, வேட்டியை மடித்துக் கட்டிய கோட்டைச்சாமி வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி சொர்ணலதா. அதற்கும் பின்னால் தூக்கோடு நாகஜோதி, ஒன்றும் அறியாத முகத்தோடு. எங்களுக்கும் அவர்களுக்கும் ஆறடி.

எதிரே ஆள் வந்து நின்றால் எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு வாயில் தானாக வருவது ஒரு சொல்தான். சண்டையா, சம்பந்தமா என்றெல்லாம் மூளை யோசித்து முடிப்பதற்குள் வாய் சொல்லிவிடும்.

"வாங்க" என்றார் கோட்டைச்சாமி.

"வர்றோம். நல்லா இருக்கீகளா?" என்றார் மாயக்காள்.

சொன்ன பிறகுதான் இருவரும் திடுக்கிட்டார்கள்.

"நாங்க ஒங்களப் பாக்க வரல. வீட்டுக்குப் போறோம்" என்றார் கோட்டைச்சாமி அவசரமாக.

"நாங்களும் வீட்டுக்குத்தான் போறோம். வழிய விடுங்க."

வழி விட முடியவில்லை. அந்தப் பாதையின் அகலம் ஒரு கழுதைக்கும் அதன் இரண்டு பக்க மூட்டைக்கும் அளந்து வெட்டியது. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் சரிவு. தட்டோடு ஒருவர் நின்றால், தூக்கோடு இன்னொருவர் தாண்ட முடியாது. யாராவது ஒருவர் கையிலிருப்பதைக் கீழே வைத்தாக வேண்டும். நாகஜோதி தூக்கைக் கீழே வைத்தாள். அதைப் பார்த்து ஹேமாவதி தட்டை ஒரு பாறைமேல் வைத்தாள். பாண்டீஸ்வரன் அதன் பக்கத்தில் பழத்தட்டை வைத்தான். மாமனாரும் வெற்றிலைத் தட்டை வைத்தார். வைத்துவிட்டுப் பார்த்தால், வரிசை அப்படியே சடங்குக்கு அடுக்கியது மாதிரி இருந்தது.

யாரும் நகரவில்லை.

"மணி பதினொன்னு நாப்பத்தி ஒண்ணு" என்றார் மாமனார், யாரிடமென்றில்லாமல்.

மாயக்காள் நாகஜோதியைப் பார்த்தார். முதல் முறையாக நேரில் பார்க்கிறார். சாரலில் நனைந்து முடி நெற்றியில் ஒட்டியிருந்தது, கால் முட்டி வரை சேறு, மூச்சு வாங்கவில்லை.

"இந்தத் தூக்க நீயா சொமந்து வந்த? மேலேருந்து அங்க வரைக்கும், மறுபடி இங்க வரைக்கும்?"

"ஆமா அத்தை. சூடா இருக்கு, தொட்டுப் பாருங்க."

மாயக்காள் தொட்டுப் பார்த்தார். பிறகு ஹேமாவதியிடம் திரும்பி அதட்டினார். "என்னத்த வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிற? பூவு வாடுது பாரு."

ஹேமாவதி பூ வைத்தாள். சொர்ணலதா குலவையிட்டார். மாயக்காள் அதைவிட ஒரு மடங்கு உரக்கக் குலவையிட்டார். மேலே மரத்தில் உண்மையான கருமந்தி ஒன்று கத்தியது. யாரும் என்னிடம் அது என்னவென்று கேட்கவில்லை. பாண்டீஸ்வரன் நாகஜோதியையும் பார்க்காமல், தரையையும் பார்க்காமல், தட்டிலிருந்த திராட்சையை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தான். நாலு நாள் பசி.

பாயாசம் குடிக்கும்போது கோட்டைச்சாமி சொன்னார், "என்ன இருந்தாலும் நீங்க எறங்கி வந்தீக, அது பெரிய மனசு."

"நீங்க ஏறி வந்தீகளே, அதச் சொல்லுங்க" என்றார் மாயக்காள்.

இருவருக்கும் திருப்தி. இருவர் சொன்னதும் சரி என்பதுதான் இதில் அழகு. ஆனால் நாங்கள் நின்ற இடம் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில், சரியாகச் சொன்னால் பதினொன்றுக்குக் கொஞ்சம் மேலே. அதை அளந்தால் யார் எவ்வளவு…

நாகஜோதி இன்னொரு தம்ளரை நிரப்பி என் முன்னால் நீட்டினாள். கண்ணைச் சுருக்கி ஒரு பார்வை பார்த்தாள். வாங்கிக்கொண்டேன்.

ஆவணியில் கல்யாணம், மண்டபம் எங்கே பார்ப்பது என்று பேச்சு எழுந்தது. தேனியா, கம்பமா, இரண்டு ஊருக்கும் நடுவிலா என்று கோட்டைச்சாமி கேட்டார்.

"நடுவுல வேணாம்" என்றார்கள் நான்கு பேர் ஒரே குரலில்.

"மண்டபத்த நாங்க பாத்துக்கிறோம்" என்றார் மாயக்காள். "எங்க மாப்பிள்ளை பாயாசம் குடிக்கட்டும்."